தெரிந்தே விட்ட ஒரு வரி

சாப்பாடு ஆர்டர் செய்யும் ஒரு மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதியவள் நான். அந்தக் குறிப்பைப் படித்து வேலை செய்வது ஏஐ ஏஜென்ட். அதில் இருந்தே ஆக வேண்டிய ஒரு வரியை, இருந்தே ஆக வேண்டும் என்று தெரிந்தும், எழுதாமல் விட்டேன். அதன் விளைவு வெளியே வந்தபோது பழி ஏஐ மேல் விழும்படி பேசினேன். முதலாவது தப்பு, இரண்டாவது பொய். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை.

வேலை என்ன என்று கொஞ்சம் விளக்கினால்தான் நான் செய்தது புரியும். ஒரு வீட்டில் அம்மா மாவு ஒட்டிய கையோடு நின்றுகொண்டு, "ராத்திரிக்கு நாலு பேருக்கு டிபன் சொல்லிடு, முந்நூறு ரூபாய்க்குள்ள இருக்கணும்" என்று போனிடம் சொல்கிறார். கடையைத் தேடுவது, மெனுவைப் பார்ப்பது, எது எத்தனை என்று முடிவு செய்வது, ஆர்டர் போடுவது எல்லாம் ஏஜென்டின் பொறுப்பு. நம்மைப் போல அது படம் பார்த்து, பட்டனைத் தட்டி ஆர்டர் போடுவதில்லை. மென்பொருளின் ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கருவியாக அதன் முன்னால் வைக்கப்படுகிறது. கடை தேட ஒன்று, மெனு எடுக்க ஒன்று, ஆர்டர் போட ஒன்று, ரத்து செய்ய ஒன்று. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று ஒரு விளக்கம், அதற்கு என்னென்ன விவரம் தர வேண்டும் என்று ஒரு படிவம். ஏஜென்டுக்குத் தெரிவது இந்த மூன்றும்தான். உள்ளே இருக்கும் நிரல் அதற்குத் தெரியாது. கடை எந்தத் தெருவில் இருக்கிறது, முதலாளி எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் தெரியவே தெரியாது.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்த பிறகு இந்த முறை பரவியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன் பிறகு, ஒருமுறை எழுதிய கருவியைப் பல ஏஜென்ட்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. அதாவது நான் எழுதும் நாலு வரியை எந்த ஏஜென்ட், யாருக்காகப் படிக்கும் என்பது எழுதும்போது எனக்குத் தெரியாது. அந்த நினைப்பே என்னைக் கவனமாக எழுத வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

ஏஜென்ட்களுக்கு எழுதுவதற்கு முன்னால் பல வருடங்கள் டெவலப்பர்களுக்காக எழுதியவள் நான். அந்த அனுபவம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. மனிதர்கள் படிக்கும்போது புரியாத இடத்தில் நின்றுவிடுவார்கள். "இந்த விலை ரூபாயா, பைசாவா?" என்று மெசேஜ் வரும். நான் பதில் சொல்வேன், வேலை நடக்கும். பத்துப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால்கூட, படிக்காமல் கேட்கிறார்கள் என்று அவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது. என் எழுத்தில் விட்டுப்போனதை அவர்கள் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த உழைப்பை என் கணக்கில் எழுதிக்கொண்டு, நன்றாக எழுதுகிறவள் என்ற பெயரோடு இருந்தேன்.

ஏஜென்ட் அப்படிக் கேட்பதில்லை. அல்லது, கேட்க வேண்டும் என்று தோன்றும்படி நாம் எழுதியிருந்தால்தான் கேட்கிறது. குறிப்பில் இல்லாததை, பொதுவாக எது பொருத்தமாக இருக்குமோ அதை வைத்து நிரப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

எங்கள் அலுவலகத்துக்குள்ளே நடத்திய முதல் சோதனையில் இட்லியிலேயே இது தெரிந்துபோனது. நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டாக எட்டு இட்லி வேண்டும் என்று கேட்டார் சக ஊழியர். ஏஜென்ட் எட்டு என்று போட்டது. எங்கள் மெனுவில் இட்லி என்பது ஒரு பிளேட், பிளேட்டுக்கு இரண்டு. பதினாறு இட்லி வந்தது. அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது "அளவு: முழு எண்" என்பது மட்டும். எதன் எண்ணிக்கை என்று சொல்லவில்லை. பரோட்டாவுக்கு செட்டா தனியா, பிரியாணிக்கு ஹாஃபா ஃபுல்லா, தோசைக்கு ஒன்றா என்று கடைக்குக் கடை, பண்டத்துக்குப் பண்டம் மாறும். ஓட்டலில் பரிமாறுகிற பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம். அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டு, 'முழு எண்' என்று எழுதியதில் இலக்கணம் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டேன்.

விலை விஷயமும் அப்படித்தான். பணப் பரிமாற்ற மென்பொருள்களில் தொகையைப் பைசாவில் வைப்பது வழக்கம். தசமப் புள்ளியால் வரும் கணக்குப் பிசகுகளைத் தவிர்க்க அது நல்ல வழி. எங்களிடமும் நாற்பது ரூபாய் பண்டம் 4000 என்றுதான் பதிவாகியிருந்தது. நான் 'விலை' என்று மட்டும் எழுதினேன். முந்நூறு ரூபாய்க்குள் டிபன் கேட்டவரிடம், இந்தப் பகுதியில் அந்த விலைக்கு எதுவும் இல்லை என்று ஏஜென்ட் பணிவாகச் சொல்லிவிட்டது. ஒரு சொல் சேர்த்துச் சரிசெய்தேன். இவை கவனக்குறைவு, கண்ணில் பட்டதும் திருத்திவிட்டோம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

மெஸ் நடத்தும் ஒரு அம்மாவுக்கு நான் வைத்த நஷ்டம் அப்படிக் கடந்துபோகக்கூடியது அல்ல.

சோதனை ஓட்டத்துக்குச் சம்மதித்த சில சின்னக் கடைகளில் அவருடையதும் ஒன்று. ஒரு நாள் மதியம் ஒரே வீட்டிலிருந்து அவருக்கு மூன்று ஆர்டர், மூன்றும் ஒன்றே போல: சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். பணம் சாப்பாடு வந்ததும் கையில் தருவதாகக் குறித்திருந்தது. அவர் மூன்றையும் கட்டி அனுப்பினார். அந்த வீட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் நாங்கள் சொல்லவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். அவர்கள் ஒருமுறைதான் சொன்னார்கள்.

நடந்தது இது. ஏஜென்ட் ஆர்டர் போட்டது. ஆர்டர் எங்கள் சர்வரில் பதிவாகிவிட்டது. பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு நேரம் முடிந்து 504 என்ற பிழை போனது. ஆர்டர் விழவில்லை போல என்று ஏஜென்ட் மறுபடி போட்டது. மறுபடியும் 504. மறுபடியும் போட்டது. இதைத் தடுக்க மென்பொருளில் வழி இருந்தது. ஒவ்வொரு ஆர்டரோடும் ஒரு தனி அடையாளச் சாவியை அனுப்பினால், அதே சாவியோடு எத்தனை முறை கேட்டாலும் ஒரே ஆர்டர்தான் விழும். டெவலப்பர் தம்பி எனக்கு அதைச் சொல்லியிருந்தான்: "சாவி அனுப்பினா ரெண்டாவது ஆர்டர் விழாதுக்கா." நான் அந்தச் சாவியைப் படிவத்தில் 'விருப்பம் இருந்தால்' என்ற வகையில் போட்டேன். போதாததற்கு, 2025 மார்ச்சில் வந்த எம்சிபி திருத்தத்தில் கருவிகளுக்குச் சில அடையாளங்கள் சேர்த்திருந்தார்கள்: இது வெறுமனே படிப்பதா, எதையாவது மாற்றி அழிக்கக்கூடியதா, திரும்பத் திரும்ப அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லாததா என்று. அந்தக் கடைசி அடையாளத்துக்கு எதுவும் குறிக்காமல் விட்டால் 'இல்லை' என்றே கொள்ளப்படும். நான் வேலை மெனக்கெட்டு 'ஆம்' என்று குறித்தேன். சாவி வந்தால் மட்டும் உண்மையாகும் ஒன்றை எப்போதும் உண்மை என்று எழுதினேன். ஏஜென்ட் செய்த ஒவ்வொன்றும் என் குறிப்பின்படி சரி.

அந்த மெஸ்ஸுக்கு நேரில் போனேன். மதிய வியாபாரம் முடிந்து பெரிய பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பொட்டலங்கள் மேசை மேலேயே இருந்தன. "ஒரே வீட்டுக்கு மூணு தடவை வருதேன்னு நெனச்சேன்மா. ஏதோ விசேஷம் போல, சொந்தக்காரங்க வந்துட்டே இருக்காங்கன்னு நெனச்சுக் கட்டிட்டேன். விசேஷ வீடாச்சேன்னு அப்பளம் கூட நாலு சேத்து வெச்சேன்." அவர் கோபப்படவில்லை. கம்பெனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. கடைசி நேரத்தில் சாப்பிட வந்த இரண்டு பேரை, சாதம் தீர்ந்துபோச்சு என்று திருப்பி அனுப்பியதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர்கள் தினமும் வருகிறவர்களாம்.

இதற்கு நான் அலுவலகத்தில் பொறுப்பேற்றேன். என் குறிப்பில்தான் தப்பு என்று எழுத்தில் கொடுத்தேன். அதனால் எனக்கு நல்ல பெயர்கூட வந்தது. இதைச் சொல்லக் காரணம், அடுத்து வரும் விஷயத்தில் அதே நேர்மை எனக்கு வரவில்லை என்பதை யாரும் சந்தர்ப்பத்தின் மேல் போட்டுவிடக் கூடாது என்பதுதான். ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கு இருந்தது. ஒப்புக்கொண்டால் கெட்டுப்போகாது என்ற அனுபவமும் இருந்தது.

மெனு எடுக்கும் கருவி ஒவ்வொரு பண்டத்தோடும் ஒரு ஒவ்வாமைப் பட்டியலைத் தரும். வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன், சோயா என்று. அதற்கு நான் எழுதிய விளக்கம்: "உணவில் உள்ள ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல்." இதை எழுதுவதற்கு முன் அதே தம்பியிடம் கேட்டேன்.

"பட்டியல் காலியா வந்தா என்னப்பா அர்த்தம்?"

"கடைக்காரங்க அதை நிரப்பலைன்னு அர்த்தம்க்கா. முக்காவாசிக் கடை நிரப்பவே இல்ல."

என் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டேன். 'காலி என்றால் தகவல் இல்லை' என்று என் கையெழுத்தில் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. குறிப்பில் அது ஏறவில்லை.

மறதியால் விட்டுப்போனது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை. அடுத்த வாரம் முதலீட்டாளர்களுக்குக் காட்டும் விளக்கக் கூட்டம் இருந்தது. ஒவ்வாமை பார்த்து ஆர்டர் செய்யும் என்பது அதில் ஒரு பெரிய ஸ்லைடு. பெரும்பாலான கடைகளில் இந்தத் தகவலே இல்லை என்று நான் குறிப்பில் எழுதினால், ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் 'தகவல் இல்லை, கடையில் கேளுங்கள்' என்று சொல்லும். ஸ்லைடு செத்துப்போகும். எழுதாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மேலாளர் அந்த வரியைப் பார்த்திருந்தால் இப்போது வேண்டாம் என்று சொல்லியிருப்பாரோ, சேர் என்று சொல்லியிருப்பாரோ தெரியாது; அவருக்கு அந்தச் சந்தர்ப்பத்தையே நான் தரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷமான ஒரு வாரத்தை நான் கெடுக்க வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன்.

எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு தொழில் சமாதானமும் இருந்தது. கருவி விளக்கங்கள் எல்லாம் உரையாடலோடு சேர்ந்தே, ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலுக்குப் போகும். ஒவ்வொரு சொல்லுக்கும் டோக்கன் செலவு, டோக்கனுக்குக் காசு. சுருக்கமாக எழுதுவது நல்ல பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆந்த்ரோபிக்கின் ஆவணங்களிலேயே ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது மூன்று நான்கு வாக்கியங்களாவது எழுதுங்கள், எப்போது பயன்படுத்தக் கூடாது, எந்தத் தகவலைத் தராது என்பதையும் சேருங்கள் என்று அறிவுரை இருக்கிறது. அதை நான் படித்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண்ணுக்குப் படித்தும் காட்டியிருந்தேன்.

சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு தாய் எங்களுக்கு எழுதினார். அவர் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. வேர்க்கடலை இல்லாத டிபன் வேண்டும் என்று ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார். இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வந்திருக்கின்றன. இதில் வேர்க்கடலை இல்லை என்று ஏஜென்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கே வாங்கினாலும் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் கடைக்கு ஒரு போன் போடுவது அவர் வழக்கம். அன்றும் போட்டார். "தேங்காய் விலை ஏறிக் கிடக்குல்லம்மா, கொஞ்சம் வேர்க்கடலை சேத்துத்தான் அரைப்போம்" என்றாராம் கடைக்காரர். கடைக்காரர் மறைக்கவில்லை, அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை. அந்த அம்மா சட்னியை எடுத்துக் கொட்டிவிட்டு, பிள்ளைக்கு இட்லியைக்கூடக் கொடுக்காமல் வேறு செய்து கொடுத்திருக்கிறார்.

வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக இருக்கும் பிள்ளைக்குச் சில நிமிடங்களிலேயே உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அன்று அந்தப் பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஒரு தாயின் சந்தேகம். என் குறிப்பு மறுபக்கத்தில் இருந்தது.

இதைப் பேச உட்கார்ந்த கூட்டத்தில்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "ஏஐ சில சமயம் இல்லாததை இருக்குன்னும், இருக்கிறதை இல்லைன்னும் சொல்லும். ஹாலுசினேஷன்தான் இது." எல்லோரும் தலையாட்டினார்கள். ஏஐ பற்றி அப்படிச் சொன்னால் இப்போது யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஆனால் கூட்டத்துக்கு வருமுன் நான் பதிவேட்டைப் படித்திருந்தேன். ஏஜென்ட் மெனு கருவியை அழைத்தது, சட்னிக்குக் காலிப் பட்டியல் வந்தது. 'உணவில் உள்ள ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல்' காலி என்றால், ஒவ்வாமைப் பொருள் எதுவும் உணவில் இல்லை. நான் எழுதிய தமிழுக்கு வேறு அர்த்தமே கிடையாது. அது சரியாகப் படித்தது. தப்பாக எழுதியவள், அது தப்பாகப் படித்தது என்று சாட்சி சொன்னேன்.

அந்தப் பொய்யின் செலவு என்னோடு நிற்கவில்லை. மாடலில்தான் கோளாறு என்று நம்பி, வேறு மாடலுக்கு மாற்றிப் பார்ப்பதில் இரண்டு இளைஞர்கள் ராத்திரி எல்லாம் உட்கார்ந்தார்கள். 'ஒவ்வாமை விஷயத்தில் கவனமாக இரு' என்று பொதுவாக ஒரு கட்டளையைச் சேர்த்தார்கள். காலிப் பட்டியலைப் பார்த்து எந்த மாடல்தான் என்ன கவனமாக இருக்கும்? அதைவிட மோசம், தப்பு எங்கே என்று தெரியாததால் அதே மாதிரித் தப்பு இருக்கும் மற்ற இடங்களை யாரும் தேடவில்லை. முட்டை சேர்ந்ததா என்ற விவரமும் காலியாக வந்தால் 'இல்லை' என்றே படிக்கப்பட்டது. பரோட்டா மாவில் முட்டை சேர்க்கும் கடைகள் உண்டு. முட்டை தொடாத குடும்பங்கள் அந்த நாட்களில் எத்தனை பரோட்டா வாங்கினார்களோ, அது என் கணக்கில்தான் வரும்.

பிறகு ஒரு நாள் அந்த வரியைத் திருத்தினேன். எப்படித் திருத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு சில மாற்றங்களோடு சேர்த்து, 'சொற்திருத்தம்' என்று தலைப்பிட்டு உள்ளே அனுப்பினேன். பார்த்தவர் எழுத்துப்பிழை திருத்தம் என்று நினைத்து அனுமதித்தார். திருத்திய வாசகம் இது:

"கடை தானே பதிவு செய்த ஒவ்வாமைப் பொருட்கள் மட்டும். பட்டியல் காலியாக இருந்தால் கடை தகவல் தரவில்லை என்று பொருள். ஒவ்வாமைப் பொருள் இல்லை என்று பொருள் இல்லை. பட்டியலை வைத்து எந்த உணவையும் பாதுகாப்பானது என்று பயனரிடம் சொல்லக் கூடாது. பயனர் ஒவ்வாமையைக் குறிப்பிட்டிருந்தால், கடையில் கேட்டு உறுதி செய்யும் வரை ஆர்டர் போடக் கூடாது."

அதே மாடல், அதே கடை, அதே கேள்வி. இம்முறை ஏஜென்ட், இந்தக் கடை தன் பண்டங்களின் ஒவ்வாமை விவரத்தைத் தரவில்லை, கடையின் எண்ணைத் தருகிறேன், கேட்டுச் சொன்னால் ஆர்டர் போடுகிறேன் என்றது. திரையில் அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. ஐந்து வாக்கியம் எழுத எனக்கு ஆன நேரம் ஒரு காபி ஆறும் நேரம்கூட இல்லை.

நடாஷா எட்னான் லபரூஸ் என்ற 15 வயது இங்கிலாந்துப் பெண்ணைப் பற்றி அதன் பிறகு விரிவாகப் படித்தேன். 2016 ஜூலையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அவள் ஒரு பகெட் ரொட்டி வாங்கினாள். எள் அவளுக்கு ஆகாது. உறையில் எள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மாவிலேயே எள் கலந்து சுட்டிருந்தார்கள். விமானத்தில் மூச்சு அடைத்தது, ஊசி போட்டும் பிழைக்கவில்லை. கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கு, ஒவ்வொரு உறையிலும் ஒவ்வாமை விவரத்தைத் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை என்று அப்போதைய விதி இடம் கொடுத்திருந்தது. அவள் பெற்றோர் போராடி, 2021 அக்டோபரில் அவள் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. உறையில் எழுதாததை, உள்ளே இல்லாதது என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். யார்தான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? அவளுக்கு நடந்ததை மேலோட்டமாக முன்பே கேள்விப்பட்டிருந்தவள்தான் நான். 'ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோதும் அது எனக்குத் தெரியும்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி, ஒவ்வாமை விவரங்களைத் தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த முறை 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தெருமுனை மெஸ்ஸும் டிபன் கடையும் அதற்குள் வரவில்லை. அங்கே விவரம் அந்தச் சமையல்காரரின் கையிலும் நாக்கிலும்தான் இருக்கிறது. புளியோதரையில் வேர்க்கடலை எல்லோருக்கும் தெரியும். சால்னாவை எதை அரைத்துக் கெட்டியாக்கினார்கள் என்று அரைத்தவருக்குத்தான் தெரியும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. கோதுமை ஆகாதவருக்குச் சாம்பாரே ஆகாமல் போகலாம், சாம்பார் வைத்தவருக்கே அது தெரிந்திருக்காது. இவ்வளவையும் ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ள நான் உடந்தையாக இருந்தேன். நல்ல சமையலைத் தலைமுறை தலைமுறையாக நம்பிச் சாப்பிடுகிற ஊர் இது. அந்த நம்பிக்கையை எடுத்து, காலியாக இருந்த ஒரு கட்டத்தில் போட்டேன்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் எழுதிவிட்டேன். 'சொற்திருத்தம்' என்று நான் அனுப்பியது எதன் திருத்தம் என்று பதிவேட்டிலும் மாற்றி எழுதியிருக்கிறேன். ராத்திரி உட்கார்ந்த இரண்டு பேரிடமும் நேரில் சொன்னேன். ஒருவன், "பரவால்லக்கா" என்றான். மற்றவன் எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அவன் செய்ததுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தாய்க்கும் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை, எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இப்போதெல்லாம் எந்தக் கருவிக்கு எழுதினாலும், அதை வைத்து நானே ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இத்தனை நாளும் அதைச் செய்யாமல் எழுதியிருக்கிறேன் என்பதும் இந்த வாக்குமூலத்தில் சேர வேண்டியதுதான். காலியாக வரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் காலி என்றால் என்ன என்று எழுதுகிறேன். மென்பொருளுக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறேன். அதனால் சில ஸ்லைடுகள் இளைக்கின்றன.

இந்த வேலையில் இருக்கும் மற்றவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் நோட்டில் குறித்து வைத்து, குறிப்பில் ஏற்றாமல் விட்ட வரி ஏதாவது இருந்தால் இன்றே எடுத்து ஏற்றிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கும் வீடுகளுக்கு: ஆர்டர் போட்டது ஏஜென்டாக இருந்தாலும் நீங்களாகவே இருந்தாலும், வாயில் வைக்கும் முன் கடைக்கு ஒரு போன் போட்டு, அரைத்தவரிடமே கேளுங்கள்.